வெள்ளை மணிக்கட்டு

செண்பகவல்லி குளித்துவிட்டாள் என்ற செய்தி, அவள் தலை துவட்டி முடிப்பதற்குள் அடுக்ககம் முழுவதும் பரவிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து கைகூப்பினார். கீழே காவலாளி விசில் ஊதினார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயசீலன் லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி மூச்சிரைக்க வந்து, ஒரு நிமிஷம் பார்க்கலாமா என்று வாசலில் நின்று கேட்டார். அவர் பார்க்க வந்தது செண்பகவல்லியின் இடது மணிக்கட்டை. அங்கே பட்டையாகக் கட்டியிருந்த முயற்சிமானி பழுத்த மிளகாய் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஜெயசீலன் அதைக் கண் குளிரப் பார்த்தார். பிறகு தன் மணிக்கட்டின் சோகையான மஞ்சளைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார்.

மறுநாள் அடுக்கக வாசலில் பிளெக்ஸ் பேனர் வைத்தார்கள். ‘வாளியைத் தொட்ட வீராங்கனையே, வாழ்க!’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பந்தல் போட்டு, அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். குளித்ததற்கா என்று இன்று யாரும் சிரிப்பதில்லை. திருச்சியில் அப்போதே அந்தச் சிரிப்பு செத்துப்போயிருந்தது.

கொன்றது முயற்சிமானிதான். அது செய்கிற வேலை மிகச் சின்னது. ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்று நினைப்பதற்கும் கை அசைவதற்கும் நடுவில் மூளைக்குள் ஓர் இழுபறி நடக்கிறது. மானி நரம்பு வழியாக அந்த இழுபறியை அளந்து நிறமாகக் காட்டும். இழுபறி இல்லையென்றால் வெள்ளை. கூடக் கூட மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. என்ன காரியம், பெரிதா சிறிதா, உருப்படியாக முடிந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, அக்கறையும் கிடையாது.

முனைவர் அங்கயற்கண்ணி அதை முதலில் விளையாட்டு வீரர்களுக்காகத்தான் செய்தார். சோதனையில் ஒரு பளுதூக்கும் வீரர் தன் உடல் எடையைப் போல இரண்டு மடங்கைத் தலைக்கு மேல் தூக்கினார், பட்டை ஆரஞ்சில் நின்றது. அதே கூடத்தில் இன்னொரு நாற்காலியில் ஒரு வங்கி ஊழியர் இருந்தார். வெகுகாலமாக மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் வாழ்கிறவர். அவரிடம் கேஸ் ஏஜென்சிக்கு ஒரு போன் பண்ணச் சொன்னார்கள். அவர் விரல் எண்களை நோக்கிப் போனது, நின்றது, மறுபடி போனது. பட்டை சிவந்தது. ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பளுதூக்குபவர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார் என்றும் சொல்வார்கள்.

அப்புறம் என்ன, உலகம் தலைகீழாகப் புரண்டது. அதுவரை கண்ணுக்குத் தெரியாத ஒன்று பளிச்சென்று கையில் எரிந்தால் யார்தான் மறுக்க முடியும்? மூன்று நாளாகப் பிரிக்காமல் மேசையில் கிடக்கும் கடிதத்தைப் பிரிக்கிற மகனின் கை சிவப்பதைப் பார்த்து அப்பாக்கள் வாயடைத்துப்போனார்கள். அலுவலகங்களில் காலையில் கைரேகை வைப்பதை விட்டுவிட்டு மணிக்கட்டு பார்க்கும் வழக்கம் வந்தது. வந்து சேர்வதற்கே சிவந்திருப்பவர்களுக்கு மேலாளரே தேநீர் எடுத்துக்கொண்டு ஓடினார். சோம்பேறி என்ற சொல்லைப் பேருந்தில் யாராவது சொல்லிவிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எவ்வளவு நல்ல காலம் அது என்று இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது.

செண்பகவல்லிக்கு அது மறுபிறவி. நகர நீர்க் கட்டுப்பாட்டு நிலையத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று பார்க்கிற வேலை அவளுக்கு. வேலையில் கெட்டிக்காரி. ஆனால் வேலைக்குப் போய்ச் சேர்வதுதான் முடியாது. துவைத்த துணியை இயந்திரத்திலிருந்து எடுத்துக் காயப்போட எழ முடியாமல் விட்டு, நாற்றமெடுத்ததும் மறுபடி துவைக்கப் போடுவாள். அழைப்பு மணி அடித்தால் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போன் அடித்தால் நெஞ்சு திக்கென்று மேலே ஏறும், அடித்து ஓய்ந்தபின்தான் இறங்கும். கணவர் தணிகாசலம் சாதுவானவர். திட்ட மாட்டார், ஆனால் புரிந்துகொள்ளவும் தெரியாது. “ஒரு அஞ்சு நிமிஷ வேலைதானே” என்பார்.

திட்டுவதற்கு அவருடைய அக்கா மரகதம் இருந்தாள். தஞ்சாவூரில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை வருவாள். வந்து இறங்கிய கையோடு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிடக்கிற பாத்திரத்தையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்து, வீடு கூட்டி, நாலு வகை சமைத்து இறக்கிவிட்டுத்தான் உட்காருவாள். உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள். “தம்பிக்குக் கட்டிவெச்சது பொண்ணா, போர்வையா?” என்று அவள் கேட்டது படுக்கையறை வரைக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கேட்டாள்.

அந்த மரகதம்தான் முயற்சிமானி வந்த புதிதில் ஒரு காலையில், செண்பகவல்லி கட்டிலிலிருந்து குளியலறை வரை நடப்பதைப் பார்த்தாள். பத்தடி தூரம். பட்டை முதலடியிலேயே சிவந்து, கதவைத் தொடும் வரை அணையவில்லை. மரகதம் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். அடுக்களைக்குப் போய்க் காபி கலந்து எடுத்துவந்து, அவள் கையில் கொடுக்காமல் தானே ஆற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

“இவ்ளோ நாளும் இப்படியா இருந்துச்சு?” என்றாள்.

“ஆமா அண்ணி.”

மரகதம் அழுதுவிட்டாள். தப்பாகப் பேசிவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். மருந்து, மாத்திரை, மருத்துவர் எதுவும் கொடுக்காத ஒன்றை அந்தக் கேள்வி செண்பகவல்லிக்குக் கொடுத்தது. அவளை முதல்முறையாக ஒருவர் நம்பினார். அன்றைக்கு அவள் குடித்த காபி ஆறிப்போய்த் தண்ணீராக இருந்தது, ஆனாலும் அப்படியொரு காபியை அதற்கு முன்பும் பின்பும் அவள் குடித்ததில்லை.

நம் ஆட்களுக்கு ஒன்று பிடித்துவிட்டால் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடாமல் விடமாட்டார்கள். முயற்சி சிவப்பாகத் தெரிய ஆரம்பித்ததும் சிவப்புக்கு மவுசு ஏறிவிட்டது. கல்யாண விளம்பரங்களில் ‘ஆரஞ்சுக்குக் குறையாத’ மாப்பிள்ளை கேட்டார்கள். கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்கு மணிக்கட்டு பார்த்து ஆள் எடுத்தார்கள். ஒரு கஷ்டமும் இல்லாதவர்கள் வலியப் போய்க் கஷ்டத்தைத் தேடினார்கள். ஜெயசீலன் இடது கையால் கையெழுத்துப் போடப் பழகினார். ஒரு சைஸ் சின்னதான செருப்பைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நொண்டியவர்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

இதில் நசுங்கியது மரகதம் மாதிரி ஆட்கள். பேரனுக்குக் காதுகுத்து வைத்து, வந்த கூட்டத்துக்கெல்லாம் அவள் ஒருத்தியாகவே சமைத்துப் போட்டாள். பட்டை பால் மாதிரி வெள்ளையாகவே இருந்தது. அவளுக்கு வேலை என்பது மூச்சு விடுவதைப் போலத்தான், இழுபறி எங்கிருந்து வரும்? பந்தியில் உட்கார்ந்தவர்கள் அவள் கையைப் பார்த்துவிட்டு, அவளுக்கென்ன, எல்லாம் சும்மா வருகிறது என்று சொல்லி இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டார்கள். ஒருவரும் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

இந்த வருஷம் நகர அளவிலான ‘முயற்சித் திலகம்’ விருது செண்பகவல்லிக்கு என்று அறிவித்தார்கள். கலையரங்கத்தில் விழா, முனைவர் அங்கயற்கண்ணியே சிறப்பு விருந்தினர். விருது வாங்குகிறவர் தனக்கு மிகக் கடினமான அன்றாடக் காரியம் ஒன்றை மேடையில் செய்துகாட்ட வேண்டும் என்பது வழக்கம். போன வருஷம் வாங்கிய ஓட்டுநர் ஒருவர் மேடையில் தலை சீவினார், அரங்கமே தேம்பியது. செண்பகவல்லி போன் பேசுவாள் என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார்கள்.

அழைப்பிதழ் வந்த வாரத்தில்தான் அது நடந்தது.

ஒரு காலையில் செண்பகவல்லி எழுந்தாள். பல் துலக்கினாள். வாயைக் கொப்பளித்துத் துப்பிய பிறகுதான், தான் பல் துலக்கி முடித்துவிட்டது அவளுக்கு உறைத்தது. பிரஷ்ஷை எடுப்பதா வேண்டாமா என்று நின்றது நினைவில் இல்லை. குழாயைத் திறக்கத் தன்னோடு சண்டை போட்டதும் நினைவில் இல்லை. மருத்துவர் மாற்றிக்கொடுத்த மாத்திரையாக இருக்கலாம், ஏச்சுப் பேச்சு இல்லாத வீடாக இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிருந்தது. அவள் துணியைத் துவைத்தாள், உடனே காயப்போட்டாள். கிளிப் தீர்ந்துபோனதும் எதிர்வீட்டில் மணியடித்துக் கடன் வாங்கினாள். கல்லூரித் தோழிக்குத் தானாகவே போன் செய்து வயிறு வலிக்கச் சிரித்தாள். குதிக்க வேண்டும் போலிருந்தது, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆசை தீரக் குதித்தாள்.

குதித்து நின்றபோது மணிக்கட்டு கண்ணில் பட்டது. வெள்ளை.

சந்தோஷம் அப்படியே உறைந்துபோனது. இதை யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குக் கேட்காமலே கேட்டது. இன்று இவ்வளவு லேசாக முடிகிறதென்றால் அன்றைக்கு என்ன கேடு? அத்தனை வருஷமும் நடிப்பா? விருது போனால் போகிறது, அதை அவள் கேட்டு வாங்கவில்லை. அண்ணி அழுதுகொண்டே கேட்ட அந்தக் கேள்வியை யாரும் திரும்ப எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. அவளுக்கு அது மட்டும் போதும்.

அன்றிலிருந்து முழுக்கை ரவிக்கை போட்டாள். விடிந்ததும் துள்ளி எழுந்துவிடும் உடம்பைப் பிடித்துவைத்துப் பத்து மணி வரை படுத்திருந்தாள். நடக்கும்போது கால்களை இழுத்தாள், வாளியின் முன் நின்று பெருமூச்சு விட்டாள். இதற்கெல்லாம் படாத பாடு படவேண்டியிருந்ததால் பட்டை தானாகவே ஆரஞ்சு காட்டியது, அப்போது மட்டும் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டாள். தணிகாசலம் பார்த்துவிட்டு நிம்மதியாக ஆபீஸுக்குப் போனார்.

விழாவுக்கு முதல்நாள் மரகதம் வந்து தங்கினாள். விழாவன்று விடியற்காலையில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று நம்பி, செண்பகவல்லி அடுக்களைக்குள் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். மூன்று வாரத்தில் அந்த நேரம் ஒன்றுதான் அவளுடையது. கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டு, அடிப்பிடித்த பால் சட்டியை விடாமல் சுரண்டிக்கொண்டிருந்தாள். திரும்பியபோது மரகதம் வாசலில் நின்றிருந்தாள்.

“கையில என்ன நெறம்?” என்றாள் மரகதம்.

செண்பகவல்லி கையை மறைக்கவில்லை, மறைத்துப் பயனில்லை. சோப்பு நுரை வழிய நின்றாள்.

“எத்தனை நாளா?”

“மூணு வாரமா.”

“அப்ப முன்னாடி இருந்துச்சே, அது?”

“அதுவும் நெஜம்தான் அண்ணி. இதுவும் நெஜம்.”

மரகதம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபமாகத்தான் வந்தாள், ஆனால் உட்கார்ந்ததும் குரல் இறங்கிவிட்டது. “என் கை என்னைக்குமே வெள்ளைதான். எனக்கு யாரும் சால்வை போத்தலை, பரவால்ல. ஆனா உனக்காக நான் அழுதேனே, அது வீணாப் போச்சுன்னு மட்டும் ஆக்கிடாத.” யாரிடமும் தான் சொல்லப்போவதில்லை என்றும், சொல்ல வேண்டியவள் செண்பகவல்லிதான் என்றும் சொல்லிவிட்டு எழுந்து, மீதிப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

செண்பகவல்லி அந்த நிமிஷமே முடிவுசெய்தாள். மறைத்தால் பழையதும் பொய்யாகிவிடும். தானே சொன்னால் இரண்டும் நிற்கும். முடிவு எடுத்ததும் பயத்தோடு ஓர் உற்சாகமும் வந்துவிட்டது. வெகுநாளாகப் பூட்டிக்கிடந்த பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினாள்.

கலையரங்கம் நிரம்பி, நிற்கக்கூட இடமில்லை. மேடைக்குப் பின்னால் பிரம்மாண்டமான திரை, அதில் அவளுடைய மணிக்கட்டு மட்டும் பனைமரத்து உயரத்துக்குத் தெரிந்தது. அறிவிப்பாளர் எதுகை மோனையோடு அவளை அழைத்தார். மேசையில் பழைய பாணித் தொலைபேசி ஒன்றை வைத்துப் பூ சுற்றியிருந்தார்கள். அவள் அதைத் தாண்டிப் போய் ஒலிவாங்கியைப் பிடித்தாள். முன்வரிசையில் தணிகாசலமும் மரகதமும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் நல்லாயிட்டேன்” என்றாள்.

ஆயிரம் பேர் முன்னால், அவள் மானத்தையே பணயம் வைத்துச் சொல்லும் வாக்கியம் அது. உள்ளே ஒன்று சொல் என்றது, ஒன்று சொல்லாதே என்றது. பின்னால் திரையில் பட்டை மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவந்தது.

“மூணு வாரமா எனக்கு எதுவும் கஷ்டமா இல்லை. முன்னாடி கஷ்டமா இருந்தது நெஜம். இப்ப இல்லைங்கறதும் நெஜம். ரெண்டையும் நம்புங்க.”

கடைசி வாக்கியம் அவளுக்கே கேட்கவில்லை. சிவப்பு கறுக்கும் அளவுக்கு முற்றி, யாரும் அதுவரை பார்த்திராத ஒரு நிறத்துக்குப் போயிருந்தது. கைதட்டல் கூரையைத் தொட்டது. விசில் பறந்தது. அத்தனை பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தைப் பார்க்க ஓர் ஆள்கூட இல்லை.

முனைவர் அங்கயற்கண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கியை வாங்கினார். “நல்லா இருக்கேன்னு சொல்றதுக்குத்தான் இவங்க எல்லாரையும்விட அதிகமா போராடறாங்க. எங்க கூடத்துல எத்தனையோ பேர் இதே வார்த்தையைச் சொல்லியிருக்காங்க. ஆனா இவ்வளவு சிவப்பை நான் பார்த்ததே இல்லை.” அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பதிவுகளில் அப்படித்தான் இருந்தது.

செண்பகவல்லி அவர் கையைப் பிடித்து, அதெல்லாம் இல்லை, தனக்கு உண்மையாகவே சரியாகிவிட்டது என்று சொல்லிப்பார்த்தாள். அழுத்திச் சொல்லச் சொல்ல நிறம் ஏறியது. ஏறியதைப் பார்த்து அரங்கம் எழுந்து நின்றது. முனைவர் அவளை அணைத்துக்கொண்டு, இனி ஒரு வார்த்தையும் பேசிச் சிரமப்பட வேண்டாம் என்றார்.

மேடையை விட்டு இறங்கியதும் அவள் நேராக மரகதத்திடம் ஓடினாள். உலகத்தில் ஒருத்தியாவது அந்த வெள்ளையைக் கண்ணால் பார்த்திருக்கிறாள் அல்லவா? மரகதம் அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு தேம்பினாள்.

“காலையில என்னென்னமோ கேட்டுட்டேன்டி. அந்தப் பாழாப்போன மானிதான் மக்கர் பண்ணியிருக்கு. அதை நம்பிட்டு உன்னைப் போயி...”

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. முடியவில்லை என்று சொன்ன காலத்தில் அவள் சொல்லை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. முடிகிறது என்று சொல்கிற இன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. நடுவில் அவர்கள் நம்பியது அவளையல்ல, மணிக்கட்டை. இதை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் அதுவும் சிவக்குமே என்று நினைத்து, தணிகாசலம் பிடித்த ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

அன்றிரவே அவர் நீர்க் கட்டுப்பாட்டு நிலையத்துக்குப் பேசி அவளுக்கு நீண்ட விடுப்பு வாங்கிவிட்டார். நேரலையில் பார்த்த மேலாளர், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று தழுதழுத்தாராம். மருத்துவரும் பார்த்திருந்தார், மாத்திரையை மாற்ற வேண்டும் என்று தகவல் அனுப்பியிருந்தார்.

விடிந்ததும் செண்பகவல்லி பட்டென்று எழுந்து அடுக்களைக்கு வந்தாள். மரகதம் அவள் கையிலிருந்த சட்டியைப் பிடுங்கிக்கொண்டு, தோளைப் பிடித்துத் திருப்பி, படுக்கையறை வரை கொண்டுவந்து விட்டாள். சண்டை போட்டால் சிவக்கும் என்று தெரிந்ததால் அவள் சண்டை போடவில்லை. படுத்தாள். அடுக்களையில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. வெளியே நல்ல வெயில், துணி காயப்போட்டால் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். கால்கள் எழு எழு என்றன. கைகள் பரபரத்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்துக் கிடந்தாள். சும்மா படுத்துக் கிடப்பதற்கு இத்தனை பாடு படவேண்டியிருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

காபியோடு வந்த தணிகாசலம் கதவருகிலேயே நின்றுவிட்டார். மெதுவாகப் பின்னால் திரும்பி, “அக்கா, செவக்குது” என்றார்.

மரகதம் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு விரைந்து வந்தாள். போர்வையை இழுத்து அவள் கழுத்து வரை மூடிவிட்டாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

“எந்திரிக்கணும்னு நெனைக்காத. எதுவும் சொல்லவும் வேணாம்” என்றாள் அத்தனை பிரியமாக. “நாங்க உன்னை நம்புறோம்.”

சொல்லிவிட்டு, வெளிச்சம் படாதபடி திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.